தில்லி எழுதும் விதிகளில் மதுரையின் குரல்: தொழில்நுட்ப, ஊடகக் கொள்கைக்காக வாதாட ஒரு முழுமையான வழிகாட்டி

கைபேசிக் கட்டணம் உயர்கிறது. ரேஷன் கடையில் விரல் ரேகை பதியவில்லை என்று ஒரு மூதாட்டி வெறும் பையோடு வீடு திரும்புகிறார். பதற்றம் பரவக்கூடும் என்று ஒரு மாவட்டம் முழுக்க இணையம் நிறுத்தப்படுகிறது. இவை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு விதி இருக்கிறது. அந்த விதி இறுதியாவதற்கு முன் பெரும்பாலும் ஒரு வரைவு வெளியாகிறது. இந்தத் தேதிக்குள் கருத்துச் சொல்லலாம் என்று ஓர் அறிவிப்பும் வருகிறது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தனக்கு வந்த கருத்துகளைத் தன் தளத்திலேயே வெளியிடுகிறது. ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நிறுவனங்கள், அவற்றின் சங்கங்கள், ஆலோசகர்கள், பெருநகரங்களில் இயங்கும் சில தன்னார்வ அமைப்புகள் என்று பட்டியல் நீளும். பேரையூரிலிருந்தோ மேலூரிலிருந்தோ ஒரு பக்கம் போயிருந்தால் அது அபூர்வம். இந்த நிலையை மாற்ற முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

தில்லியில் வழக்கறிஞர்களுக்கும் பொறியாளர்களுக்கும் குறைவில்லை. ஒரு விதி கடைசியாக வந்து இறங்கும் ஊரில் என்ன நடக்கிறது என்ற பதிவுதான் அங்கே இல்லை. நாளும் இடமும் குறித்த அந்தப் பதிவு அந்த ஊர்க்காரர்களிடம் மட்டுமே இருக்க முடியும். அதை எப்படிச் சேர்ப்பது, எந்த வடிவில், எந்தக் கெடுவுக்குள், எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்பதே இங்கே பேச்சு. கல்லூரி மாணவர்கள், நுகர்வோர் அமைப்பு, மகளிர் சுய உதவிக் குழு, தொழிற்சங்கம் என்று யாரும் இறங்கலாம். பொறுமையுள்ள மூன்று நான்கு பேர் இருந்தால் தொடங்கிவிடலாம்.

படி 1: அதிகாரம் யாரிடம் என்று கண்டுபிடியுங்கள்

திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில், கைபேசிக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டுக் கிடைக்கும், வேறொன்றும் நடக்காது. அந்த அதிகாரம் ஆட்சியரிடம் இல்லை. அரசமைப்பின் 7ஆம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 31ஆம் இனம் தொலைபேசி, கம்பியில்லாத் தொடர்பு, ஒலிபரப்பு, ஒளிபரப்பு ஆகியவற்றை ஒன்றிய அரசிடம் ஒப்படைத்திருக்கிறது. பொது ஒழுங்கும் காவல்துறையும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. இந்த இரண்டும் உரசும் இடங்களில்தான் குழப்பம் வருகிறது.

இணைய முடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது முடக்கலாம், எத்தனை நாள் முடக்கலாம் என்ற விதியை ஒன்றிய அரசு எழுதுகிறது. மாநிலத்துக்குள் முடக்கும் ஆணையில் கையெழுத்திடுபவர் மாநில உள்துறைச் செயலாளர். விதியையே திருத்த வேண்டுமானால் தில்லிக்கு எழுத வேண்டும். ஒரு குறிப்பிட்ட ஆணையைக் கேள்வி கேட்க வேண்டுமானால் சென்னைக்கு எழுத வேண்டும். இரண்டுக்கும் மறுமொழி இல்லையென்றால் ஒத்தக்கடைக்குப் பக்கத்திலுள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. ரேஷன் கடையை நடத்துவது மாநில அரசு. தெருவில் கேமரா வைப்பது காவல்துறையாகவோ மாநகராட்சியாகவோ இருக்கும். கேபிள் தொலைக்காட்சிக்கு 1995ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் பொருந்தும். அந்தச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்கும் அதிகாரிகளில் மாவட்ட ஆட்சியரும் ஒருவர்.

டிராய் பற்றி இரண்டு செய்திகளை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அந்த ஆணையம் தனிநபர் புகார்களைத் தீர்ப்பதில்லை. உங்கள் பில்லில் தவறு என்றால் நிறுவனத்தின் புகார் மையம், அதற்கு மேல் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பு என்ற வழியில்தான் போக வேண்டும். இரண்டாவது, கட்டணம், சேவைத் தரம் போன்றவற்றில் டிராயே முடிவெடுக்கிறது. உரிமம், அலைக்கற்றை போன்றவற்றில் பரிந்துரை மட்டுமே செய்கிறது. தனியார் பண்பலை வானொலிகள் ஒவ்வொரு மணி நேரத்திலும் 10 நிமிடம் வரை செய்தி ஒலிபரப்பலாம் என்று 2023 செப்டம்பரில் டிராய் பரிந்துரைத்தது. அதை ஏற்பதும் ஏற்காததும் அரசின் கையில். எனவே பரிந்துரை வெளிவந்த நாளோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அடுத்த கடிதம் அமைச்சகத்துக்குப் போக வேண்டும்.

படி 2: கோரிக்கையை இரண்டு வாக்கியங்களுக்குள் அடக்குங்கள்

“மின்னணு ஆளுகையில் மக்களுக்கு ஏற்படும் சிரமங்கள்” என்பது தலைப்பு, கோரிக்கை ஆகாது. “விரல் ரேகை பதியாத அட்டைதாரருக்கு அதே நாளில் மாற்று வழியில் பொருள் வழங்க வேண்டும். அப்படி வழங்கியவற்றின் எண்ணிக்கையை மாதந்தோறும் கடைப் பலகையில் எழுத வேண்டும்” என்பது கோரிக்கை. யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. ஓர் அதிகாரி அதற்கு “ஆம்” அல்லது “இல்லை” என்று பதில் எழுத முடியும். அப்படிப் பதில் எழுத முடியாத எதையும் அனுப்பாதீர்கள்.

படி 3: சான்று சேகரியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மற்ற எல்லாப் படிகளும் இதன்மேல் நிற்கின்றன.

இணைய முடக்கங்களை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு 2021 டிசம்பரில் தன் அறிக்கையை அளித்தது. நாட்டில் எத்தனை முறை இணையம் முடக்கப்பட்டது என்ற பதிவு ஒன்றிய அரசின் எந்தத் துறையிடமும் இல்லை என்பது அதில் வெளிப்பட்டது. கோடிக்கணக்கானவர்களின் பிழைப்பைத் தொடும் ஒரு நடவடிக்கைக்குக் கணக்கே வைக்கப்படவில்லை. இத்தகைய வெற்றிடத்தில், ஓர் ஊர் நாற்பது பக்க நோட்டில் ஒழுங்காக எழுதிவைத்த குறிப்பு எவ்வளவு பெரிய ஆவணம் என்று எண்ணிப் பாருங்கள்.

எடுத்துக்காட்டுக்கு, ஏழுமலைப் பக்கத்தில் ஓர் ஊரின் ரேஷன் கடை என்று வைத்துக்கொள்வோம். விரல் ரேகையைச் சரிபார்த்துப் பொருள் வழங்கலைப் பதியும் பி.ஓ.எஸ். கருவி அடிக்கடி இணைப்பை இழக்கிறது. வயல் வேலையிலும் செங்கல் சூளையிலும் தேய்ந்த விரல்களின் ரேகை பதிவதில்லை. பொருள் வழங்கும் நாள்களில் கடை வாசலில் இரண்டு பேர் முறை வைத்து உட்காருங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், முயன்ற தடவைகள், கருவியில் தோன்றிய செய்தி, பொருள் கிடைத்ததா, இல்லையென்றால் விற்பனையாளர் என்ன சொன்னார், மறுபடி எப்போது வரச் சொன்னார் என்று எழுதுங்கள். வந்தவரின் வயதும் தொழிலும் போதும். ஆதார் எண்ணையோ குடும்ப அட்டை எண்ணையோ எழுதாதீர்கள். அட்டையைப் படம் எடுக்காதீர்கள். மக்களின் அந்தரங்கத்துக்காகப் பேசப் போகிறவர்கள் மக்களின் தகவலைக் கசியவிடக் கூடாது. பெயரோடு சாட்சி சொல்ல ஒருவர் முன்வந்தால், அது எங்கெல்லாம் போகும் என்று அவருக்கு விளக்கி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

விற்பனையாளரை எதிரியாக்காதீர்கள். பழுதான கருவியோடு நாள் முழுக்கப் போராடுபவரும் வரிசையில் நிற்பவர்களின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொள்பவரும் அவர்தான். பல இடங்களில் மிகச் சரியான தகவல் அவரிடமிருந்தே கிடைக்கும்.

ஒரு கடை போதாது. பக்கத்து ஊர்க் கடைகள் இரண்டையாவது அதே படிவத்தில் அதே மாதத்தில் பதிவு செய்யுங்கள். ஒரு கடையில் மட்டும் சிக்கல் என்றால் அது பழுது. மூன்று கடைகளில் ஒரே மாதிரி என்றால் அது கொள்கையின் கோளாறு. எழுதும்போது இந்த வேறுபாடு உங்களுக்குப் பெரிய பலம்.

கைபேசி சிக்னல் பற்றிய கோரிக்கைக்கும் இதே முறைதான். டிராயின் மைஸ்பீடு செயலியால் குறிப்பிட்ட இடங்களில், காலை, நண்பகல், மாலை என்று ஒரே நேரங்களில் வேகத்தை அளந்து பதிவு செய்யுங்கள். தங்கள் சேவை எங்கெங்கே எட்டுகிறது என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தளத்தில் வெளியிட வேண்டும் என்று 2024ஆம் ஆண்டின் சேவைத் தர விதிகள் சொல்கின்றன. அந்த வரைபடத்தில் உங்கள் ஊர் வண்ணம் பூசப்பட்டிருக்கும். கண்மாய்க் கரையில் நின்றால் ஒரு கோடுகூட வராது. இரண்டையும் அருகருகே வைத்த ஒரு பக்கம், பத்துப் பக்கக் கட்டுரையைவிட வலிமையானது.

படி 4: அரசிடம் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்

உங்கள் நோட்டில் இருப்பது பாதிக் கதை. மீதிப் பாதி அலுவலகக் கோப்பில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு செய்யக் கட்டணம் 10 ரூபாய். மாநில அலுவலகங்களுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டலாம். ஒன்றிய அலுவலகங்களுக்கு இந்திய அஞ்சல் ஆணை அனுப்பலாம், அல்லது இணையவழியில் செலுத்தலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. மாநில அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். அந்தந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் மனு செய்யும் உரிமையைச் சட்டத்தின் 6(1) பிரிவு தருகிறது. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை.

மனுவின் உயிர் கேள்வியில் இருக்கிறது. “ஏன் மக்களை அலைக்கழிக்கிறீர்கள்?” என்று கேட்டால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணம் எதில் இருக்குமோ அதைக் கேளுங்கள். மேலே சொன்ன கடைக்கு இப்படி எழுதலாம்:

“கடை எண் ____-இல், ____ தேதி முதல் ____ தேதி வரை, விரல் ரேகைச் சரிபார்ப்புத் தோல்வியடைந்த நிகழ்வுகளின் எண்ணிக்கையை மாத வாரியாகத் தருக. அவற்றுள் மாற்று முறையில் பொருள் வழங்கப்பட்டவை எத்தனை? மாற்று முறை குறித்து விற்பனையாளர்களுக்கு அனுப்பப்பட்ட சுற்றறிக்கைகளின் நகல்களைத் தருக. பி.ஓ.எஸ். கருவிகளின் பராமரிப்பு ஒப்பந்தத்தை நேரில் பார்வையிட அனுமதி தருக.”

நான்கும் நான்கு விதமான ஆவணங்கள். பார்வையிடக் கேட்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சட்டத்தின் 2(ஜே) பிரிவில் அந்த உரிமை இருக்கிறது. கோப்பைப் புரட்டும்போதுதான் எதைக் கேட்டிருக்க வேண்டும் என்பதே சில சமயம் தெரியும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் முறையீடு. அதுவும் பயன் தரவில்லையென்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது முறையீடு. ஆணையத்தில் நெடுங்காலம் காத்திருக்க நேரும் என்பதால், முதல் மனுவையே மிகக் கவனமாக எழுதுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஓர் எச்சரிக்கை. 2023ஆம் ஆண்டின் எண்மத் (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றி எழுதியது. தனிநபர் தகவல் என்ற காரணத்தைச் சொல்லி மறுப்பது இப்போது முன்பைவிட எளிது. இது மக்களின் அறியும் உரிமையைச் சுருக்கிய மாற்றம் என்பதே என் கருத்து. பெயர்ப் பட்டியல் கேட்காமல் எண்ணிக்கைகளைக் கேட்பது இதைத் தாண்ட ஒரு வழி. பெயர்கள் தவிர்க்கவே முடியாதவை என்றால், பொதுநலன் பெரிது எனில் தகவல் தரலாம் என்று சொல்லும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்பதையும் மனுவிலேயே விளக்கி எழுதுங்கள்.

படி 5: கருத்துக்கேட்பில் பங்கெடுங்கள்

டிராய் ஒரு விதியைக் கொண்டுவருமுன் கருத்துக்கேட்பு அறிக்கை வெளியிடுகிறது. அதன் சட்டத்தின் 11(4) பிரிவு வெளிப்படையாகச் செயல்பட வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அறிக்கையின் இறுதியில் எண்ணிட்ட கேள்விகள் இருக்கும். முதலில் கருத்துகள், பிறகு மற்றவர்களின் கருத்துகளுக்கு எதிர்க்கருத்துகள், அதன்பின் திறந்தவெளி விவாதக் கூட்டம் என்று வரிசை போகும். எதிர்க்கருத்துக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு நிறுவனம் “கிராமப்புறங்களில் சேவை சீராக இருக்கிறது” என்று எழுதியிருந்தால், உங்கள் ஊரின் அளவீடுகளை எடுத்து வைத்து மறுக்க அதுதான் இடம்.

எப்படி எழுதினால் எடுபடும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல பாடம் இருக்கிறது. 2015 மார்ச் 27 அன்று டிராய் 118 பக்க அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதில் 20 கேள்விகள். இணையவழிச் சேவைகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பது பொருள். எல்லா இணையதளங்களையும் சமமாக நடத்தும் இணையச் சமநிலை காக்கப்படுமா என்பது மக்களின் கவலை. தன்னார்வலர்கள் சிலர் அந்த 20 கேள்விகளையும் எளிய நடையில் விளக்கி, பதில்களை வரைந்து பொதுவில் வைத்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. அதே ஆண்டு டிசம்பரில், சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் திட்டங்கள் குறித்து டிராய் இன்னொரு அறிக்கை வெளியிட்டது. அப்போது ஃபேஸ்புக் நிறுவனம் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்கு ஆதரவாகப் பயனர்களை அனுப்பத் தூண்டிய மின்னஞ்சல்களும் பெருமளவில் வந்தன. அவற்றில் திட்டத்துக்கு ஆதரவு இருந்தது. கேட்ட கேள்விகளுக்குப் பதில் இல்லை. அதை டிராய் வெளிப்படையாகவே கண்டித்தது. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் ஒழுங்குமுறை வந்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: கேள்வி எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள். எல்லாக் கேள்விகளுக்கும் எழுத வேண்டியதில்லை. உங்களிடம் சான்று இருக்கும் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் எழுதினால் போதும். சேவைத் தரம் பற்றிய ஓர் அறிக்கைக்கு இப்படி எழுதலாம்:

“கேள்வி எண் ____. எங்கள் நிலை: சேவைத் தரத்தை மாநில அளவுச் சராசரியாக மட்டும் கணக்கிடக் கூடாது. காரணம்: நகரங்களின் நல்ல அளவீடுகள் கிராமங்களின் குறையை மறைத்துவிடுகின்றன. சான்று: மதுரை மாவட்டம் சேடபட்டி ஒன்றியத்தில் மூன்று ஊர்களில் நாங்கள் எடுத்த அளவீடுகள் இணைப்பு 1-இல் உள்ளன. கோரும் திருத்தம்: ‘ஊராட்சி வாரியாக’ என்ற சொற்களைப் பிரிவு ____-இல் சேர்க்க வேண்டும்.”

நிலை, காரணம், சான்று, திருத்தம். இந்த வரிசையை நான் வலியுறுத்துகிறேன். விதியை எழுதுபவர் அப்படியே எடுத்துச் சேர்க்கும் சொற்களை அவர் கையில் கொடுப்பதே நோக்கம்.

அடுத்து மொழி. அறிக்கைகள் ஆங்கிலத்தில் வருகின்றன. பதிலும் ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் குறைதீர்க்க முறையீடு செய்ய ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது அரசமைப்பின் 350ஆம் பிரிவு. தமிழில் எழுதி, முதல் பத்தியில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். முடிந்தால் ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கத்தையும் இணையுங்கள், படிப்பவருக்கு உதவும். ஒன்றிய அரசின் பதில் எந்த மொழியில் வர வேண்டும் என்ற கேள்வி நம் மதுரையிலேயே எழுந்தது. மதுரை மக்களவை உறுப்பினர் சு.வெங்கடேசன் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு இந்தியில் பதில் வந்தபோது அவர் வழக்குத் தொடுத்தார். ஆங்கிலத்தில் எழுதினால் ஆங்கிலத்திலேயே பதில் தர வேண்டும் என்று மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

வரைவையே தமிழில் தரச் சொல்லிக் கேட்கவும் முன்மாதிரி இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசமைப்பின் 8ஆம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தொழில்நுட்பச் சட்ட வரைவு வரும்போதெல்லாம் இதைச் சுட்டி, தமிழாக்கமும் கூடுதல் அவகாசமும் கோரி முதல் வாரத்திலேயே ஒரு கடிதம் அனுப்புவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அமைச்சகங்களின் நடைமுறை டிராயைப் போல ஒழுங்கானதன்று. சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும் என்று 2014இல் ஒன்றிய அரசு கொள்கை முடிவு எடுத்தது. அது சட்டமல்ல, எல்லா நேரமும் பின்பற்றப்படுவதும் இல்லை. மீறப்படும்போது அந்த 2014 முடிவை மேற்கோள் காட்டி எழுதலாம். தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவு 2025 ஜனவரி 3 அன்று வெளியானபோது, வரும் கருத்துகள் வெளியிடப்பட மாட்டா என்று அமைச்சகம் அறிவித்தது. நிறுவனங்கள் என்ன கேட்டன என்பது பொதுமக்களுக்குத் தெரியாமலே விதி உருவாகும் என்பது அதன் பொருள். இதை ஏற்கவே கூடாது. உங்கள் கருத்தை நீங்களே பொதுவில் வெளியிடுங்கள். உள்ளூர் நாளிதழ்களுக்கும் ஒரு படி கொடுங்கள்.

எதிர்த்திசையில் ஒரு கவனமும் வேண்டும். 2015இல் வந்த மின்னஞ்சல்களை டிராய், அனுப்பியவர்களின் முகவரிகளோடு சேர்த்தே தளத்தில் போட்டுவிட்டது. சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பாதீர்கள். அமைப்புக்கென்று ஒரு முகவரி வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி எண், வீட்டு முகவரி எதையும் கடிதத்தின் உடலில் எழுத வேண்டாம்.

எழுதுவதற்கு அமைதியான இடம் தேவையென்றால், நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நாள் முழுக்க உட்காரலாம்.

படி 6: கிராம சபையும் மக்கள் பிரதிநிதிகளும்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கூட்டம் நடந்தே ஆக வேண்டும். மதுரை மாநகராட்சியின் வார்டுகளில் பகுதி சபைகள் இருக்கின்றன. கிராம சபைத் தீர்மானத்தால் தில்லியை அசைக்க முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு அரிட்டாபட்டியை நினைவூட்டுகிறேன். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பரில் மேலூர் வட்டார ஊராட்சிகள் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மக்கள் மதுரையை நோக்கித் திரண்டு வந்தார்கள். அந்த மாதம் 23ஆம் தேதி ஒன்றிய அரசு சுரங்க ஏலத்தை ரத்து செய்தது. பொருள் வேறு என்றாலும் பாதை அதேதான்.

தொழில்நுட்பம் சார்ந்த தீர்மானத்துக்குப் பொருத்தமான கேள்வி ஒன்று எல்லா ஊராட்சிகளிலும் இருக்கிறது. ஊராட்சிகளுக்கு அதிவேக இணையம் தரும் ஒன்றிய அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுவரும் பொறுப்பை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் ஏற்றிருக்கிறது. கம்பி உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்துவிட்டதா? இணைப்பு வேலை செய்கிறதா? பள்ளிக்கும் துணைச் சுகாதார நிலையத்துக்கும் அங்கிருந்து இணைப்புப் போகிறதா? சபையில் கேளுங்கள், பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள், கையொப்பமிட்ட நகலை வாங்குங்கள். ரேஷன் கடை விஷயமாக இருந்தால், 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28, 29 பிரிவுகள் சமூகத் தணிக்கைக்கும் கண்காணிப்புக் குழுவுக்கும் இடம் தருகின்றன. அவற்றைச் சொல்லித் தீர்மானம் கொண்டுவாருங்கள்.

நாடாளுமன்ற உறுப்பினரிடம் பொதுவான மனு கொடுப்பதைவிட, அவர் அப்படியே கேட்கக்கூடிய கேள்வியாக எழுதிக் கொடுப்பது பயன் தரும். கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்புத் தேவை என்பதால் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பே அவர் அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். நட்சத்திரக் குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். அமைச்சர் தரும் அந்தப் பதில் பின்னால் நீதிமன்றத்திலும் உதவும். சட்ட வரைவு நிலைக்குழுவுக்குப் போனால் அந்தக் குழுவுக்கும் நேரடியாகக் கருத்துரை அனுப்பலாம்.

படி 7: நீதிமன்றம்

இணையம், ஒளிபரப்பு ஆகியவற்றில் மக்களுக்கு இருக்கும் உரிமைகள் பல, தீர்ப்புகள் வழியே வந்தவை. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. சமுதாய வானொலிக் கோரிக்கைக்கு அந்தத் தீர்ப்பு வலு சேர்த்தது. இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய இடமளித்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015 மார்ச் 24 அன்று ரத்தானது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று உறுதி செய்தது. விரல் ரேகை பதியாத காரணத்தால் தகுதியுள்ளவருக்கு நலத்திட்டப் பயன் மறுக்கப்படக் கூடாது என்பது 2018 ஆதார் தீர்ப்பில் இருக்கிறது. அதை ரேஷன் கடை மனுவில் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். இணைய முடக்க ஆணைகள் வெளியிடப்பட வேண்டும், காலவரையின்றி முடக்கக் கூடாது என்று 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஓர் ஆணை 15 நாளைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு அதே ஆண்டு விதிகளில் சேர்ந்தது.

தென் மாவட்டங்கள் முடக்கத்தை நேரில் கண்டவை. 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. சொந்தங்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தேடிய நேரத்தில் மக்களின் கையிலிருந்த தொடர்பு பறிக்கப்பட்டது. மீண்டும் அப்படி நடந்தால், முதல் நாளிலேயே ஆணையின் நகலைக் கேட்டு உள்துறைச் செயலாளருக்கு எழுதுங்கள். கடை வியாபாரம், மருத்துவமனை, தேர்வு விண்ணப்பம், கூலிப் பணம் என்று பாதிப்புகளை நாள்வாரியாகக் குறியுங்கள். இணைப்புத் திரும்பிய பிறகு நினைவிலிருந்து எழுதினால் அந்தக் குறிப்புக்குப் பாதி மதிப்புத்தான்.

அரசமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் மதுரைக் கிளையில் பொதுநல வழக்குத் தொடுக்குமுன் ஒன்றைச் சரிபாருங்கள்: உரிய அதிகாரியிடம் எழுத்தில் கோரிக்கை வைத்து, பதிலுக்கு நியாயமான அவகாசம் கொடுத்தீர்களா? அது இல்லாமல் போனால் முதலில் மனுக் கொடுங்கள் என்று திருப்பி அனுப்பப்படலாம். முந்தைய படிகளின் ஒப்புகைச் சீட்டுகள் எல்லாம் இங்கே பயன்படும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

கோரிக்கையின் அளவில் நிதானம் வேண்டும். 2019 ஏப்ரல் 3 அன்று மதுரைக் கிளை டிக்டாக் செயலியைத் தரவிறக்கத் தடைவிதிக்குமாறு இடைக்கால உத்தரவிட்டது. சில நாள்களில் ஆப்பிளும் கூகுளும் நாடு முழுவதற்கும் அதை நீக்கின. ஏப்ரல் 24 அன்று தடை விலக்கப்பட்டது. சிறார்களின் பாதுகாப்பு குறித்த கவலை உண்மையானது. ஆனால் ஒரு செயலியை மொத்தமாக நிறுத்தச் சொல்லும் வழக்கு, அதை நியாயமாகப் பயன்படுத்தும் கோடிக்கணக்கானவர்களின் பேச்சுரிமையையும் சேர்த்தே நிறுத்துகிறது. புகார் வந்தால் எத்தனை மணி நேரத்தில் நடவடிக்கை, யார் பொறுப்பு, முறையீடு எங்கே என்று நடைமுறையைக் கேளுங்கள். இன்று உங்களுக்குப் பிடிக்காத ஒன்றுக்காக நீங்கள் வாங்கிய தடை உத்தரவு, நாளை உங்கள் குரலுக்கு எதிராக மேற்கோள் காட்டப்படும்.

படி 8: முடிவு வந்த பிறகு

டிராய் ஒரு ஒழுங்குமுறையை வெளியிடும்போது விளக்கக் குறிப்பையும் இணைக்கிறது. யார் என்ன சொன்னார்கள், ஆணையம் ஏன் ஏற்றது அல்லது மறுத்தது என்பது அதில் இருக்கும். உங்கள் வாதம் அங்கே பேசப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். பேசப்படவே இல்லையென்றால், அந்த விடுபடலையே காட்டி மீண்டும் எழுதலாம். அமைச்சக விதி என்றால், கருத்துகளைப் பரிசீலித்த கோப்புக் குறிப்புகளைத் தகவல் அறியும் உரிமையில் கேளுங்கள்.

கோரிக்கை நிறைவேறிவிட்டாலும் நோட்டை மூடாதீர்கள். மாற்று வழியில் பொருள் வழங்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தால், அடுத்த மாதம் அதே மூன்று கடைகளில், அதே படிவத்தில், மறுபடியும் பதிவு செய்யுங்கள். சுற்றறிக்கையின் நகலைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கடை வாசலில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு நின்று வாசித்துச் சொல்லுங்கள். எல்லா மனுக்கள், ஒப்புகைகள், பதில்கள், அளவீடுகளையும் தேதி வரிசையில் ஒரு கோப்பில் அடுக்கி, இரண்டு படிகளை இரண்டு வீடுகளில் வையுங்கள். அடுத்த கருத்துக்கேட்பு அறிக்கை வெளியாகும்போது வேறு ஓர் ஊர் உங்களிடம் கேட்டு வரும். படிவத்தை அப்படியே அவர்களுக்குக் கொடுங்கள்.